பக்கத்து வீட்டுக்காரரின் பதினொரு கப்

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் லண்டன் ரெய்னர்ஸ் லேனில் குடியிருந்தபோது, அறுபதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரரைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டில் மகளோடு இருந்தவர். நசுங்கிய மூக்கு, பொரித்த அப்பளமாய்ச் சுருண்ட காதுகள்.

பின்னேரங்களில் என் மனைவி பின்வேலியடியில் நின்று அவரோடு கதைப்பாள். பிறகு சமையலறையில் எனக்கு மறு ஒலிபரப்பு. வடக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டே ரக்பி லீக் ஆடியவராம். இரண்டு அணியும் குனிந்து, தோளோடு தோள் கொழுவித் தள்ளும்போது முன்வரிசையில் நிற்பவராம். விலா எலும்பு முறிந்தும் மைதானத்தை விட்டு வெளியே வரவில்லையாம். ஐம்பதுகளில் கப்பலேறி ஆஸ்திரேலியா வரை போய் ஆடினாராம். எத்தனை 'ஆம்'! நானும் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட உதைபந்தாட்டக் குழுவில் ஆடியவன்தான். பெட்ரோல் நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வந்தவனுக்கு இன்னொருவருடைய விலா எலும்புதான் கறி.

"அவர் பதினொரு கப் எடுத்தவராம்" என்றாள் ஒருநாள்.

அந்த ஞாயிறு தேநீருக்கு அழைத்திருந்தார். வரவேற்பறை முழுக்கக் கண்ணால் துழாவினேன். வெற்றிக் கிண்ணம் ஒன்றுகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் குஞ்சம் வைத்த, நிறம் மங்கிய வெல்வெட் தொப்பி ஒன்று மட்டும் இருந்தது. எனக்கு விளங்கிவிட்டது. ஆங்கிலேயர் வாயில் தொப்பி 'கேப்', கிண்ணம் 'கப்'. எங்கள் ஊர்க் காதுக்கு இரண்டும் கப்தான். தேநீர் அன்றைக்குத் தேனாய் இனித்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சொன்னேன்: "அந்தாள் சொன்ன கப், உந்தத் தொப்பி. கிண்ணமுமில்லை, ஒண்டுமில்லை."

"ஓம், தெரியும். நீங்கள் பாத்ரூமுக்குப் போயிருக்கேக்க சொன்னவர். நாட்டுக்காக விளையாடினால்தான் அதைக் குடுப்பினமாம். எத்தினை கப் எண்டால், அத்தினை தரம் நாட்டுக்கு விளையாடினதாம்; தொப்பி ஒண்டுதானாம்."

கிண்ணமாகவே இருந்திருக்கலாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"நானும்தான் விளையாடினனான். என்னை ஒருக்காலாவது கேட்டனியே?"

அவள் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"நான் என்ன விளையாடினனான், சொல்லுங்கோ பாப்பம்."

அவள் விளையாடியிருக்கக்கூடும் என்பதே அப்போதுதான் என் மண்டையில் ஏறியது.

"நெட்போல். பள்ளிக்கூட டீமுக்குக் கப்டன். வேலியடியில கண்ட முதல் நாளே அந்த மனுசன் கேட்டவர்."

மறுநாளும் அவள் வேலியடிக்குப் போனாள். நான் சமையலறை ஜன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் சேலையை இழுத்துச் செருகி, குதிகாலை உயர்த்தி, இல்லாத பந்தை இல்லாத வளையத்துக்குள் போட்டுக் காட்டினாள். வேலிக்கு அப்பால் அவர் கைதட்டினார். கலியாணமாகி ஏழு வருடம். அந்தப் பெண்ணை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன், அதுவும் அவருக்குப் பிறகு.