அடைக்கலமேரியின் வாய்க்கட்டு

ராயபுரத்தில் மீன்கூடை சுமந்து விற்ற அடைக்கலமேரி இரண்டு வருஷமாக, பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் அப்பமான நன்மையை வாங்கவில்லை. பெரிய பாவம் ஒன்றும் செய்துவிடவில்லை. பூசைக்குப் போகும் வழியில் ஒரு கொசுவை விழுங்கிவிட்டாள், அவ்வளவுதான்.

நன்மை வாங்குவதானால் நடுராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்று அவளுக்குச் சிறுவயதில் உபதேசியார் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்தச் சட்டம் மாறிவிட்டது, ஒரு மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் போதும், தண்ணீர் குடிக்கலாம் என்று சாமியார் பூசையிலேயே அறிவித்தார். அடைக்கலமேரி அதை ஏற்கவில்லை. அதெல்லாம் நோயாளிகளுக்கு என்று தானாக முடிவு கட்டிக்கொண்டாள்.

கொசுவுக்குப் பிறகு ஞாயிறுதோறும் ஏதாவது வந்து சேர்ந்தது. ஒருநாள் கொட்டாவி விட்டபோது ரயில் என்ஜின் கரி வாயில் விழுந்தது. இன்னொரு நாள் தூறல். பக்கத்து வீட்டில் நெத்திலி வறுத்த வாசனையை ஆழமாக இழுத்ததையும் கணக்கில் சேர்த்தாள். முன்பு பூசை முடிந்து மகள் ஃப்ளோராவோடு ஆப்பம் தின்றுகொண்டே சிரித்துப் பேசி வருகிறவள், இப்போது ஞாயிறு வந்தாலே வீட்டில் போலீஸ் நுழைந்த மாதிரி இருந்தாள்.

"கொசு கறியில சேத்தியா, மீனுல சேத்தியா சாமி?" என்று, பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் கேட்டாள்.

"எதுல சேர்ந்தா என்னம்மா? நீ என்ன குழம்பா வைக்கப் போற?" என்றார் சாமியார். அவளுக்கு அதில் ஆறுதல் இல்லை.

அறுபத்தேழில் ஃப்ளோராவுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நன்மை வாங்கும் நாள், வந்தது. தாய் பக்கத்தில் மண்டியிட்டு, பிள்ளையோடு சேர்ந்து வாங்குவது அந்தக் கோயில் வழக்கம்.

"மா, நீயும் எங்கூட வாங்குவதானே?" என்று ஃப்ளோரா ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்று காலை எழுந்ததும் அடைக்கலமேரி, கொசுவோ கரியோ உள்ளே போய்விடாதபடி தலைச்சும்மாட்டுத் துணியை வாயில் சுற்றிக்கொண்டு, புருஷனிடம் முதுகைக் காட்டி நின்றாள். இக்னேஷியஸ் ஹார்பரில் மூட்டை கட்டுகிறவன்.

"இன்னாமே, மாட்டுக்கு வாய்க்கூடு போடறாப்ல கீது!" என்றபடி கட்டினான். கைப்பழக்கத்தில், இழுக்க இழுக்க இறுகும் முடிச்சாகப் போட்டுவிட்டான்.

குழாயடியில் பக்கத்து வீட்டுக் கெங்கம்மா குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். "இன்னா மேரிக்கா, கோயிலுக்குப் போறியா, பேங்குல கொள்ளையடிக்கப் போறியா?"

அடைக்கலமேரி கையால் வானத்தைக் காட்டினாள்.

"மழையா? வராதுக்கா."

கோயிலில் பீடத்துக்கு முன்னால் இருந்த கிராதியோரம் பிள்ளைகளும் தாய்மார்களும் மண்டியிட்டார்கள். சாமியார் நன்மை கொடுத்தபடி நெருங்கி வந்தார். அடைக்கலமேரி கையைப் பின்னால் கொண்டுபோய் முடிச்சை இழுத்தாள். அது இறுகியது. இன்னும் இழுத்தாள். கண் பிதுங்கியது. இக்னேஷியஸோ வெளியே பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"இருமா, நான் கடிச்சி அவுக்குறேன்" என்று ஃப்ளோரா எழுந்து, தலையில் பூமுடி சரிய, அம்மாவின் பிடரியில் பல்லை வைத்தாள். எத்தனை அலசினாலும் மீன் உப்புப் போகாத துணி அது. கடைசியில் முடிச்சு விட்டது.

ஃப்ளோரா நாக்கை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டாள். முகம் கோணிவிட்டது.

"மா, நூலு உள்ள போய்ட்ச்சி. உப்பாக் கீது. இப்ப நான் நன்மை வாங்கலாமா, கூடாதா?"

கோயில் முழுக்கக் கேட்டது. சாமியார் அப்பத்தைத் தூக்கிய கையோடு நின்றார். அவர் தீர்ப்பை எப்போதோ சொல்லியாயிற்று. பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தது தாயின் முகத்தை. அவள் வைத்திருந்த சட்டப்படி பதில் ஒன்றே ஒன்றுதான்.

ஃப்ளோராவின் உதடு துடித்தது.

"வாங்குடி என் கண்ணு" என்றாள் அடைக்கலமேரி. "நூலு இன்னா பண்ணும்?"

ஃப்ளோரா வாங்கிக்கொண்டாள். உடனே, வாயைத் திறக்காமலே, முழங்கையால் அம்மாவின் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

சாமியார் உதட்டைக் கடித்துக்கொண்டு அடுத்த அப்பத்தை எடுத்தார். அவர் தோள் குலுங்குவதைக் கண்டு அடைக்கலமேரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நன்மை வாங்கலாமா என்பதற்குச் சட்டம் உண்டா என்று அவளுக்குத் தெரியாது. அவள் கேட்கவும் இல்லை. நாக்கை நீட்டினாள்.