கூட்டத்தில் மூன்றாவது ஆள்

அம்மா, அப்பா, அம்மாவின் தமக்கையான பெரியம்மா, ஜெனரேற்றர் கொண்டுவந்த சித்தப்பா, அக்கா, நான். நெடுந்தீவில் எங்கள் வீட்டு விறாந்தையில் அன்று பின்னேரம் இருந்தவர்கள் இவ்வளவுதான். எனக்கு ஒன்பது வயது.

சண்டை நின்றிருந்த காலம். டென்மார்க்கிலிருந்து வந்த ஒருவரிடம் மாமா ஒரு சீடி கொடுத்துவிட்டிருந்தார். அம்மாவின் ஒரே தம்பி. போய்ப் பத்து வருடம். கூட ஒரு கடிதம். தான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் ஒரு படம் எடுத்தார்களாம். தொழிற்சாலையைப் பூட்டுகிறார்கள், வேலையாட்கள் தெருவில் இறங்குகிறார்கள், அதுதான் கதையாம். கூட்டத்தில் தானும் நிற்கிறாராம். அங்கேயே அதை அதிகம் பேர் பார்க்கவில்லையாம்.

அம்மாவுக்குக் கதை வேண்டாம். தம்பியின் முகம் வேண்டும். ஜெனரேற்றருக்கு மண்ணெண்ணெய் ஒரு போத்தல்தான் இருந்தது. அது முடிவதற்குள் மாமா ரீவியில் வரவேண்டும்.

படத்தில் வெள்ளைக்காரர் மேசையைச் சுற்றியிருந்து கதைத்தார்கள். பிறகும் கதைத்தார்கள்.

"என்னவாம்?" என்றார் பெரியம்மா.

"சம்பளப் பிரச்சினை," என்றார் சித்தப்பா.

"உமக்கு எப்ப உந்தப் பாஷை தெரியும்?"

"மூஞ்சையளைப் பாத்தா விளங்காதே?"

ஒருவழியாகத் தொழிற்சாலை வாசல் வந்தது. பனி. கூட்டம். பொலிஸ் அங்கே நின்ற ஆட்களைப் பிடித்து லொறியில் ஏற்றியது.

"அந்தா தம்பி!" அம்மா கத்தினார்.

மூன்றாவது ஆள். தொப்பி போட்டிருந்தார். மெலிந்திருந்தார். முதலாவது ஆள் பொலிசோடு சண்டை பிடித்தார். இரண்டாவது ஆள் சிரித்துக்கொண்டே ஏறினார். பொலிஸ்காரர் மாமாவின் பக்கம் திரும்பியதுதான் தாமதம், ஒருவரும் சொல்லாமலே மாமா இரண்டு கையையும் தூக்கித் தலைக்குப் பின்னால் வைத்தார்.

அம்மா எழும்பிவிட்டார். "ஐயோ, பிடிச்சுப்போட்டாங்கள்."

"மச்சாள், உது நடிப்பு," என்றார் சித்தப்பா.

"நடிப்பெண்டா அவன்ர கை ஏன் தலைக்குப் பின்னால போகுது?"

"எடியே, பிடிபட்டவன் எப்பிடியடி கடிதம் போடுவான்? இரு," என்றார் பெரியம்மா.

அம்மா இருக்கவில்லை. யாழ்ப்பாணம் போய் ரெலிபோன் எடுக்கவேண்டும் என்று செருப்பும் போடாமல் துறைக்கு நடந்தார். கடைசிப் படகு போயிருந்தது. அப்பா போய்க் கூட்டிவந்தார். அதற்குள் ஜெனரேற்றர் நின்றுவிட்டது.

எனக்குச் சிரிப்பு. அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் கையைத் தலைக்குப் பின்னால் வைத்து மாமாவைப் போல நடந்து காட்டினேன். ரீச்சர் வந்து என் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். ஏச்சு விழும் என்று நின்றேன். விழவில்லை.

டென்மார்க் போகுமுன் மாமா தடுப்புக் காவலில் இருந்தவர் என்று எனக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

போன வருடம் மாமா வந்தார். படத்தில் அந்த இடத்தைப் பற்றிக் கேட்டேன்.

"சும்மா நில்லுங்கோ எண்டுதான் படம் எடுத்தவர் சொன்னவர். கை தன்ரபாட்டில மேல போயிட்டுது, பிள்ளை."



படம் இப்போது என் போனில் இருக்கிறது. அம்மா கேட்டால் மாமா வருகிற இடத்தை மட்டும் போட்டுக் காட்டுவேன்.

பதினொரு விநாடி.