நைனா அறுத்த சைக்கிள் பார்

மாமல்லபுரம் போகிற கடலோரச் சாலையில் புதிதாக ஒரு காபிக் கடை வந்திருக்கிறது. அதன் வாசலில், அழகுக்காக, ஒரு பழங்காலச் சைக்கிளை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். முன்சக்கரம் என் தோள் உயரம். பின்சக்கரம் இட்லித் தட்டு போலத் துளியூண்டு. கூட வந்த ஆபீஸ் தோழி அதன் கதையைச் சொன்னாள். பெடல் அந்தப் பெரிய சக்கரத்திலேயே இருக்குமாம். ஒரு கல் தடுக்கினாலும் ஓட்டுகிறவன் தலைகுப்புற விழுவானாம். பிறகுதான் இரண்டு சக்கரத்தையும் ஒரே அளவாக்கி, பின்சக்கரத்துக்குச் செயின் போட்டு, காற்றடித்த டயரை மாட்டினார்களாம். பத்திரமான சைக்கிள் என்றே அதற்குப் பேராம். நடுவிலிருந்த பாரைக் கீழே இறக்கியதும் கவுன் போட்ட பெண்களும் ஏறிக்கொண்டு தனியாக வெளியே போனார்களாம். ஊர் வாய் சும்மா இருக்குமா? அங்கேயும் ஏச்சுப் பேச்சுத்தானாம்.

அடேங்கப்பா, வெள்ளைக்காரிக்கும் இதே பாடா என்று சிரித்தேன்.  உடனே அப்பா ஞாபகம் வந்துவிட்டது. அவரை நைனா என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் ஊர் திருக்கழுக்குன்றத்தை அடுத்து, ஏரி ஓரம். அப்போதுதான் பத்தாவது தேறியிருந்தேன். பிளஸ் ஒன் படிக்க டவுனுக்குத்தான் போக வேண்டும். காலையில் இருந்தது ஒரே பஸ். கூட்டமாக இருந்தால் எங்கள் காலனி ஸ்டாப்பில் நிற்காது. காலியாக இருந்தாலும் பல நாள் நிற்காது. அரசாங்கம் பெண்பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்காத காலம் அது.

"வயசுப் பொண்ணு ரோட்ல தனியா நடக்க வேணாம். எறால் உரிக்கிற கம்பெனி வேன் வாசல்லயே வந்து நிக்குது, அதுல ஏறிக்கினு வேலைக்குப் போவட்டும்" என்றாள் அம்மா. அம்மா கெட்டவள் இல்லை, பயந்தவள். ஆனால் அந்த வேனில் ஒரு நாள் ஏறிவிட்டால் படிப்பு அத்தோடு சரி என்று எனக்குத் தெரியும். என் கூடப் படித்தவர்கள் ஏறினார்கள், திரும்பிப் பள்ளிக்கூடம் வரவில்லை.

வீட்டில் நைனாவின் சைக்கிள் இருந்தது. பெரிய ஆம்பளை வண்டி. சின்ன வயதில் அதன் பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்துத்தான் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். பாருக்கு அடியில் காலை விட்டு அரைப் பெடல் போட்டே ஓட்டவும் கற்றிருந்தேன். பாவாடை தாவணியோடு டவுனுக்கு அப்படிப் போக முடியுமா?

ஒரு சாயங்காலம் நைனா ரம்பத்தோடு வந்தார். "டவுன்ல பொண்ணுங்க ஓட்ற வண்டியப் பாத்துகினு வந்தேன். நடுவுல பார் இல்ல. அவ்ளோதான் வித்தியாசம்" என்றார். உட்கார்ந்து கறகறவென்று அறுத்தே விட்டார். அறுத்த முனையில் கை கிழியாமலிருக்கப் பழைய துணியைச் சுற்றினார். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம். முதல் வாரம் ராணி மாதிரி போனேன்.

வெள்ளிக்கிழமை கடைத்தெருப் பள்ளத்தில் இறங்கினேன். வண்டி நடுவில் அப்படியே மடங்கியது. தாடையில் தையல் போட்டார்கள்.

"படிச்சது போதும். திங்கக்கெழம வேன்ல ஏத்தி உட்றேன்" என்று அம்மா அழுதுகொண்டே சொன்னாள்.  எனக்கு அவர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை நைனா வண்டியைத் தோளில் சுமந்துகொண்டு வெல்டிங் கடைக்குப் போனார். திரும்பி வந்தபோது வண்டி நிமிர்ந்திருந்தது. கீழ்ப் பைப்பை ஒட்டினாற்போல் இன்னொரு பைப்பு சாய்வாக ஏறியிருந்தது.

"லேடீஸ் வண்டில கீழ ரெண்டு பைப்பு கீதாம். எனக்குத் தெர்ல" என்றார்.

"பாத்துகினு வந்தேன்னியே, அத்தப் பாக்கலியா?" என்று சீறினேன்.

"பொண்ணுங்க வண்டியையே மொறைச்சிகினு நின்னா நம்மள சும்மா உடுவாங்களா? ஓரக்கண்ணால பாத்துட்டு ஓடி வந்துட்டேன்."



திங்கட்கிழமை விடியற்காலை அம்மா எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள். கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். "ஓட்டு. பள்ளம் எங்க கீதோ அங்கல்லாம் எறக்கு" என்றாள் நைனாவிடம். காலனித் தெருவில் ஒரு குழி விடவில்லை. ஜனம் வாசலில் நின்று சிரித்தது. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வண்டி மடங்கவில்லை. சற்று நேரத்தில் வேன் வந்து ஹாரன் அடித்தது. "நீ போப்பா. எம் பொண்ணு இஸ்கோலுக்குப் போவுது" என்றாள்.

அன்றிலிருந்து நைனா கட்டட வேலைக்கு நடந்தே போனார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டி அவருக்கு. ஒரு தடவை என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போகையில், டீக்கடையில் நின்றவர் ஒருவர் கூப்பிட்டார்: "இன்னா அண்ணாத்த, பொம்பள வண்டில வந்துகினு கீற? உன் வண்டி இன்னா ஆச்சு?"

நைனா வண்டியை நிறுத்தவேயில்லை. தலையை மட்டும் திருப்பி, கடையே கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எனக்கேதுப்பா வண்டி? எம் பொண்ணுது. இன்னிக்கு இஸ்கோல் லீவு, இரவல் குடுத்துகீது."