செவலை கழுத்தில் பாக்குமட்டை

போன வாரம் என் மருமகள் எங்கள் வீட்டு நாயைத் தூக்கிக்கொண்டு நீலாய் டவுன் மிருக ஆஸ்பத்திரி வரைக்கும் போய்வந்தாள். நாய்க்கு வயிற்றில் கட்டி. வெட்டியெடுத்துத் தையல் போட்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது அதன் கழுத்தைச் சுற்றிக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக்கில் அகலமாக ஒன்று.

"இதுக்குப் பேரு கோன், அத்தை. புண்ண நக்காம இருக்கப் போடுறது. உங்க எஸ்டேட்ல இதையெல்லாம் எங்க பாத்திருப்பீங்க" என்றாள்.

பார்க்கவில்லைதான். செய்திருக்கிறேன். அப்படிச் சொன்னதும், "சும்மா லா அத்தை" என்று சிரித்தாள். நல்ல பெண்தான், சிரித்ததில் குற்றமில்லை. ஆனால் செய்தது செய்ததுதான், அதனால் சொல்கிறேன்.

எங்கள் ரப்பர் தோட்டம் லிங்கிக்குப் போகிற வழியில் இருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவுக்குப் புகைவீட்டில் வேலை. ரப்பர் ஷீட்டுகளைக் கழியில் போட்டுப் புகையில் காயவைப்பார். அம்மா பாலுக்கு மரம் சீவினாள். ஆளுக்கு ஒரு மரவரிசை, அதுதான் நிரை; அவளுக்குக் கிடைத்தது மலைக்காட்டின் கடைசி நிரை. அதற்கு மேலே ரப்பர் மரம் கிடையாது, வெறும் காடுதான். மற்ற வீடுகளில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்து வேலைக்காட்டுக்குப் போவார்கள். எங்கள் வீட்டில் அம்மாவும் செவலையும் போவார்கள்.

செவலை என்றால் செம்மண் நிறத்தில் ஒரு நாய். ஒரு காது மடங்கியிருக்கும். நான் அதைக் கொஞ்சுவேன், குளிப்பாட்டுவேன், என் தட்டுச் சோற்றைப் பாதி அதற்குப் போட்டு அடி வாங்குவேன். அம்மா அதைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. விடியும் முன்னே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வாளியை எடுப்பாள், அது எழுந்து பின்னால் போகும். அவர்களுக்குள் பேச்சு அவ்வளவுதான்.

ஒருநாள் ரப்பர் பால் நிறுக்கும் நேரத்துக்கு அம்மா இறங்கி வந்தபோது செவலை மூன்று காலில் வந்தது. பின்தொடை கிழிந்து தோல் தொங்கியது. நான் அலறிக்கொண்டு ஓடினேன்.

"காட்டுப்பன்னி கிழிச்சிருச்சு" என்றாள் அம்மா. வாளியைக் கொண்டுபோய்த் தராசுக்கு முன்னால் வைத்தாள். அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

நாயைத் தூக்க முடியாமல் தூக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தோட்டத்து ஆஸ்பத்திரி என்பது இரண்டு அறை, மருந்து கொடுத்துக் கட்டுப்போட ஒரு டிரசர். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது. வாசலிலேயே நிறுத்தினார்.

"நாய்க்கு மருந்து போட எனக்கு உத்தரவில்லைப் பிள்ளை" என்றார். பிறகு உள்ளே போய் ஒரு சிறு போத்தலில் ஊதா மருந்து கொண்டுவந்து என் கையில் வைத்தார். "காலமையும் பின்னேரமும் பூசு. ஆனா ஒண்டு. நக்க விடாதை. நக்கினதெண்டால் இது ஆறாது."

நக்காத நாய் எங்கே இருக்கிறது? மருந்தைப் பூசித் திரும்புவதற்குள் நக்கித் துடைத்துவிடும். நான்கு நாளில் புண் நாற ஆரம்பித்தது. அப்போதுதான் வேலையை மேற்பார்க்கிற மண்டோர் எங்கள் லயத்து வரிசை வீடுகள் பக்கம் வந்தார். பெரிய மீசை, கையில் எப்போதும் ஒரு பிரம்பு, வாயில் எப்போதும் ஒரு கேலி. அன்றைக்குக் கேலி செய்யவில்லை.

"நாயி சுடுறவங்க வராங்க" என்று அப்பாவிடம் சொன்னார். "இன்னும் இருபது நாளு இருக்கு. புண்ணு நாயி, சொறி நாயி எதையும் விட்டுவைக்கக் கூடாதுன்னு தொரை உத்தரவு. காஞ்சா உங்க நாயி. காயலன்னா அவங்க நாயி."

அப்பா தலையை ஆட்டினார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இந்த இரண்டு பேரையும் நம்பினால் நடக்காது, நாம்தான் பார்க்க வேண்டும் என்று நான் முடிவு செய்தேன்.

முதலில் செய்தது தப்பு. இன்றைக்கும் சொல்ல வெட்கம். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்தான் எல்லாவற்றுக்கும் வைத்தியம். வாளி ஓட்டையானால் பால், சைக்கிள் டியூப்புக்குப் பால், குதிகால் வெடித்தால் அதற்கும் பால். தடவினால் காய்ந்து மேல்தோல் மாதிரி ஆகிவிடும், தண்ணீர்கூட இறங்காது. அம்மா வாளியின் அடியில் ஒட்டியிருந்த பாலை வழித்து வந்து செவலையின் புண்மேல் தாராளமாக ஊற்றினேன். அரைமணியில் அழகாகக் காய்ந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் காலை பார்த்தால், அது பல்லால் ரப்பரைப் பிடித்து இழுத்திருக்கிறது. ரப்பரோடு மயிரும், மயிரோடு தோலும் வந்துவிட்டன. உள்ளங்கை அளவு இருந்த புண் இரண்டு உள்ளங்கை ஆகிவிட்டது.

அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். "நீ வைத்தியம் பாத்தது போதும். உள்ளதும் போயிரும் போலருக்கு" என்றாள்.

ஆனாலும் விடவில்லை. புண்ணை மூடக்கூடாது, வாயைத்தான் தடுக்க வேண்டும் என்பது மட்டும் புத்தியில் பட்டது. அடிப்பக்கம் போன பழைய பால் வாளி ஒன்றைச் செவலையின் தலையில் மாட்டினேன். வாளியின் பாரம் தாங்காமல் தலை தொங்கிப்போயிற்று. நடந்தால் கணகணவென்று சத்தம். வாசலில் நுழையும்போது சிக்கிக்கொண்டு, நானும் பக்கத்து வீட்டு அக்காவும் ஆளுக்கொரு பக்கம் இழுத்து எடுத்தோம். "நாயக் காப்பாத்துறியா, வாளிக்குள்ள வச்சுக் கொல்லுறியாடி?" என்று அந்த அக்கா கேட்டார்.

பிறகுதான் பாக்குமட்டை.

கோயிலுக்குப் பின்னால் நாலைந்து பாக்குமரம் நின்றன. மட்டை விழுந்தால் பிள்ளைகள் நாங்கள் ஓடிப்போய் எடுப்போம். ஒருத்தர் மட்டைமேல் உட்கார வேண்டும், இன்னொருத்தர் ஓலையைப் பிடித்து இழுக்க வேண்டும், அதுதான் எங்களுக்குக் கார். அப்படி இழுத்து விளையாடிய மட்டை ஒன்று மழையில் நனைந்து ஒரு கல்லின்மேல் கிடந்தது. மறுநாள் வெயிலில் காய்ந்தபின் எடுத்தால், கல்லின் வளைவு அப்படியே அதில் இருந்தது. நேராக்கினால் நேராகவில்லை. கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கே தோன்றியது.

அகலமான மட்டையாக இரண்டு பொறுக்கினேன். ஒரு பகல் முழுக்கத் தொட்டித் தண்ணீரில் ஊறப்போட்டேன். தோல்போல் மெத்தென்று ஆனதும் அப்பாவின் கத்தியால் ஓரத்தைச் சீவினேன். பால் வாளியைக் கவிழ்த்து வைத்தால் அடி சிறுத்து வாய் அகன்று இருக்கும் அல்லவா, அதைச் சுற்றி இரண்டு மட்டையையும் ஒன்றோடொன்று ஏறியபடி சுற்றிக் கயிற்றால் கட்டி வெயிலில் வைத்தேன். மறுநாள் வாளியை உருவினேன், மட்டை அப்படியே நின்றது. தூக்கினால் பாரமே இல்லை. குடைக்கம்பியைச் சுடவைத்து ஓட்டை போட்டுத் துணிநாடாவால் கோத்தேன். கழுத்துப் பக்கம் அறுக்காமல் இருக்க அம்மாவின் பழைய கைலியைக் கிழித்து உருட்டித் தைத்தேன்.

முதலில் செய்தது நீளம் போதவில்லை. செவலை உடம்பை வளைத்து மூக்கை நீட்டினால் புண்ணைத் தொட்டுவிட்டது. பிரித்து இன்னொரு மட்டை சேர்த்தேன். மூக்கைத் தாண்டி நாலு விரல் வெளியே நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. சோறு தரையில் வைத்தால் மட்டை இடிக்கும் என்று செங்கல்மேல் மங்குக் கிண்ணம் வைத்து அதில் போட்டேன். நீலாயில் இருக்கிற டாக்டரும் என் மருமகளிடம் தட்டை உயரத்தில் வைக்கத்தான் சொல்லியிருக்கிறார்.

லயமே கூடிச் சிரித்தது. மண்டோர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"கோயில் கமிட்டியில சொல்லிடுறேன். இந்த வருசம் திருவிழாவுக்கு மைக்செட்டு வேணாம். இந்த நாயக் கம்பத்துல ஏத்திக் கட்டிரலாம்."

"சிரிங்க மண்டோரய்யா. காஞ்சப்புறம் சிரிங்க" என்றேன். அம்மா உள்ளேயிருந்து என்னை அதட்டினாள்.

அந்த நாட்களில் நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் சரியாகப் போகவில்லை. எனக்குத் தெரியாத எழுத்துகள் பல அப்போது சொல்லிக்கொடுத்தவையாக இருக்கும். காலையும் மாலையும் மருந்து, ஈ உட்காராமல் விசிறி, படுக்கச் சுத்தமான சாக்கு. செவலை மட்டைக்குள்ளிருந்து என்னைப் பார்க்கும். முதலில் ஓரம் உலர்ந்தது. பிறகு நாற்றம் போயிற்று. பிறகு நடுவில் பொருக்கு கட்டியது.

சுடுகிறவர்கள் வந்தது ஒரு முற்பகல். அம்மா மலைக்காட்டில், அப்பா புகைவீட்டில், வீட்டில் நான் மட்டும். கீழ் லயத்திலிருந்து இரண்டு தடவை வெடிச்சத்தம் கேட்டது. நான் செவலையின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். மண்டோர் முன்னால் வர, துப்பாக்கியோடு இரண்டு மலாய்க்காரர்கள் பின்னால் வந்தார்கள். ஒருவர் மட்டையைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"கீலா கா?" என்று கேட்டார். பைத்தியமா என்று கேட்கிறார் என்பது எனக்கும் தெரியும். பைத்தியம் பிடித்துக் கடிக்கிற நாய்க்குத்தான் இப்படிக் கட்டிவைத்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். துப்பாக்கி தோளிலிருந்து கைக்கு வந்தது.

நாடாவை அவிழ்த்தேன். விரல் வழுக்கியது, முடிச்சைப் பல்லால் இழுத்தேன். மட்டையைக் கழற்றிக் கீழே வைத்தேன். செவலை தலையை உதறிக்கொண்டு முதல் வேலையாக என் முகத்தை நக்கிற்று. மண்டோர் குனிந்து பிரம்பு நுனியால் அதன் தொடை மயிரை விலக்கிப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். பொருக்கைச் சுற்றிப் புதுத்தோல் ரோஸ் நிறத்தில் மினுமினுத்தது.

மண்டோர் நிமிர்ந்து, இது வேலைக்குப் போகிற நாய் என்று மலாயில் சொன்னார். துப்பாக்கிக்காரர் கீழே கிடந்த மட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தன் கையை அதற்குள் விட்டுப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். மண்டோர் பிரம்பால் என்னைக் காட்டினார்.

"பண்டாய்" என்றார் அவர். கெட்டிக்காரி என்று அர்த்தம். மட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு அடுத்த லயத்துக்குப் போனார்கள்.

இன்றுவரை எனக்கு அதைவிடப் பெரிய பட்டம் கிடைத்ததில்லை. நான் வாங்கிய பட்டம் அது ஒன்றுதான் என்பது வேறு விஷயம்.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செவலை வீட்டில் கிடந்த நாளெல்லாம் அம்மா பாடினாள். வீட்டில் இல்லை, வேலைக்காட்டில். பக்கத்து நிரைக்காரர்கள் வந்து சொல்வார்கள்: "உங்கம்மாவுக்கு என்னடி ஆச்சு? விடியுமுன்ன ஆரம்பிச்சா பாலெடுக்குற வரைக்கும் ரேடியோ மாதிரி. கும்மிப் பாட்டு, கோயில் பாட்டு, தாலாட்டு, ஒண்ணு விடாம." வாயைத் திறந்தால் நாலு வார்த்தைக்குமேல் பேசாத அம்மா. எனக்குச் சந்தேகமே இல்லை. நாய் தேறி வருகிற சந்தோஷம், என் மட்டை வேலை செய்கிற சந்தோஷம். லயம் முழுக்க அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பதினாறு வயதில் எனக்கும் அந்த மலைக்காட்டில் நிரை கொடுத்தார்கள். முதல் வாரத்திலேயே ஒருநாள் இருட்டில் மரத்தைச் சீவிக்கொண்டிருக்கும்போது, மேலே புதருக்குள் ஏதோ பெரிதாக உறுமிக்கொண்டு மண்ணைக் கிளறியது. கையில் கத்தி இருந்தது, கால் ஓடவில்லை. நான் கேட்காமலே என் வாய் உரக்கப் பாட ஆரம்பித்தது. ஆள் இருக்கிறது, விலகிப் போ என்று சொல்ல அந்த இடத்தில் வேறு வழி கிடையாது. பன்றி செவலையைத் தேடி வரவில்லை என்பதும், வந்த பன்றிக்கும் அம்மாவுக்கும் நடுவில் செவலை போய் நின்றிருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதெல்லாம் பின்னால். சுடுகிறவர்கள் வந்துபோன மறுநாள் விடியலில், அம்மா வாளியை எடுத்ததும் செவலை நொண்டிக்கொண்டே எழுந்து அவள் பின்னால் போயிற்று. நான் மத்தியானம் வரை காத்திருந்தேன். எல்லாரும் இறங்கி வந்தபோது பக்கத்து நிரைக்காரர்களிடம் ஓடிப்போய் இன்றைக்கு என்ன பாட்டு என்று கேட்டேன். இன்றைக்குப் பாட்டே இல்லையடி என்றார்கள். சாயங்காலம் அம்மா கால் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னிக்கி ஏம்மா பாடல? ஒரு பாட்டு பாடும்மா" என்றேன்.

"நாயிதான் கூட வந்துச்சே. இனிமே எதுக்குடி பாட்டு?" என்றாள் அம்மா.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை நாள் ஊறப்போட்டுக் காயவைத்து, பல்லால் முடிச்சவிழ்த்து நான் காப்பாற்றிக் கொடுத்த நாய்க்கு ஒரு பாட்டு இல்லையாம். வீட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். அம்மா இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றேன்.