மூக்கு செத்த பெலிக்ஸ் மாமா போட்ட தோட்டம்

உலகத்தில் இதுவரை போட்ட தோட்டங்களிலேயே பெரிய தோட்டம் எங்கள் பக்கத்து வீட்டு பெலிக்ஸ் மாமா போட்டதுதான். அதைப் பார்த்து வெட்கப்பட்டு மேற்குத் தொடர்ச்சி மலை கேரளா பக்கமாக ரெண்டடி நகர்ந்து உட்கார்ந்தது. செண்பகத்தோப்பு அணில்கள் எல்லாம் இங்கே மாற்றல் கேட்டு வனத்துறையில் மனுக் கொடுத்திருக்கின்றன. பிளவக்கல் அணையைத் திறந்தால் முதல் தண்ணீர் இந்தத் தோட்டத்துக்குத்தான் என்று பேச்சு. வானத்தில் போகிற விமானங்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேலே வந்ததும் மூக்கைத் திருப்பிக்கொண்டு போகின்றன.

கடைசி வரி மட்டும் உண்மையாக இருக்கலாம்.

ஒரு மனுஷனின் வாழ்க்கை வரலாறு என்றால் அவர் பிறந்த இடத்தில் ஆரம்பிக்க வேண்டுமாம். மாமா எங்கே பிறந்தால் யாருக்கு என்ன? தோட்டம் பிறந்த இடத்தைச் சொல்கிறேன். மாமா வீட்டின் பின்பக்கம். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் அடுப்படிக் கதவு. இடது சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் பால்கோவா பட்டறை. வலது சுவரில் பின்தெரு லாட்ஜின் கக்கூஸ் குழாய் இறங்குகிறது. நடுவில் ஒரு கட்டிலைப் போட்டால் அதைச் சுற்றிவர ஆள் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். அண்ணாந்து பார்த்தால் கைக்குட்டை அளவுக்கு வானம்.

அந்த வானத்தால்தான் எல்லாம் வந்தது. மாமாவின் வீட்டுக்காரி பொன்மணி அத்தை ராஜபாளையம் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிறவர். பகல் பூராவும் டியூப் லைட்டு, வெள்ளைத் துணி, டியூப் லைட்டு. ஒருநாள் வேலை முடிந்து வந்தவர் அடுப்படிப் படியில் உட்கார்ந்து சொன்னார்: "ஏங்க, வானத்தப் பாத்துக்கிட்டு ஒரு காப்பியக் குடிக்க எனக்கு ஒரு எடம் வேணும். வேற எதுவும் வேண்டாம்."

புத்தியுள்ள ஆளாக இருந்தால் அங்கே கிடந்த உடைந்த பீங்கானையும் நாறின துடைப்பத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு நாற்காலியைப் போட்டிருப்பார். மாமா டிசைன் பண்ண ஆரம்பித்தார்.

மாமா ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் ஃபிட்டர். மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகினவர். பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசினால் சேத்தூரில் நிற்கிறவன் திரும்பிப் பார்ப்பான். பஞ்சுத் தூசி அவர் மூக்கைத் தின்று முடித்துவிட்டது. கருவாடு, சாம்பிராணி, பினாயில் எல்லாம் அவருக்கு ஒன்றுதான். இதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டார். கேட்டால், "லேசா சளி புடிச்சிருக்குலே" என்பார். நான் பிறந்ததிலிருந்து அவருக்கு லேசாகச் சளி.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து ஒரு மாதம் வேலை நடந்தது. கறுப்புப் பெயிண்ட் அடித்த சுவர். தரையில் பிளாஸ்டிக் புல் பாய். ஓரத்தில் வெள்ளைக் கூழாங்கல். மில்லில் கழித்துப் போட்ட, நூல் சுற்றும் கூம்புக் கோன்களைச் சுவரில் வரிசையாக மாட்டி அதில் மணி பிளான்ட். ஒரு பெரிய சிமென்ட் தொட்டியில் ஈழத்தலரிப் பூச்செடி. அதற்குப் பக்கத்தில் பெஞ்சு. முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே சங்கிலி, இங்க வா. இது சாதாத் தோட்டம் இல்ல. காண்டெம்பரரி."

"அப்படின்னா என்ன மாமா?"

"செடி கம்மியா இருக்கும். டிசைன் ஜாஸ்தியா இருக்கும்."

பழைய பீரோக் கண்ணாடியைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினார். சின்ன இடம் கண்ணுக்கு ரெண்டு மடங்காகத் தெரியுமாம். தெரிந்தது. லாட்ஜ் கக்கூஸ் குழாயும் ரெண்டாகத் தெரிந்தது.

இதுவரைக்கும்கூட மன்னிக்கலாம். வெள்ளைக் கல்லைப் பார்த்த தெருப் பூனைகள் முனிசிபாலிட்டி தங்களுக்கென்றே கட்டிக்கொடுத்ததாக நினைத்து வரிசையில் வந்து உட்கார்ந்தன. அதையும் மன்னிக்கலாம். மாமா உரம் போட்டார். அதைத்தான் மன்னிக்க முடியாது.

பால்கோவா கிண்டி இறக்கின பிறகு சட்டியின் அடியில் கருகி ஒட்டியிருக்குமே, அதற்குப் பேர் காந்தல். சூடாகச் சுரண்டித் தின்றால் அமிர்தம். மீந்ததை நாய்க்குப் போடுவோம். மாமா ஒருநாள் பட்டறை வாசலில் வந்து நின்று என் அப்பாவைக் கேட்டார்:

"காளிராஜூ, மாட்டுச் சாணி செடிக்கு நல்லதா இல்லையா?"

"நல்லதுதான்."

"மாடு வேண்டாம்னு கழிக்கிறதே அம்புட்டு நல்லதுன்னா, மாடு பொத்திப் பொத்திக் குடுக்குற பாலு எம்புட்டு நல்லதா இருக்கும்?"

அப்பா நல்ல மனுஷன். யோசிக்கிற மனுஷன் இல்லை. காந்தல் வாளியை அப்படியே நீட்டிவிட்டார்.

தினம் ஒரு வாளி. தொட்டி, கோன், ஒன்று பாக்கியில்லை. ஈரம் காயாமல் இருக்க வேண்டும் என்று மேலே மில்லின் கழிவுப் பஞ்சை மெத்தை மாதிரி அமுக்கினார். ராஜபாளையத்துப் பஞ்சையும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பாலையும் ஒரே தொட்டியில் போட்டு வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்பதை இந்த இரண்டு ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் தெரிந்துகொள்ளும் வாய்ப்பில்லை. மற்ற ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். நாலு நாளில் பஞ்சு மஞ்சளாக வேர்த்தது. அதற்குக் கீழே ஏதோ மூச்சு விட்டது. பஞ்சு ஏறி ஏறி இறங்கியது. சுவரோரம் எறும்பு, பஞ்சுக்கு மேலே ஈ, பஞ்சுக்குள்ளே வெள்ளையாக நெளிகிற ஒன்று. பச்சைக் குழந்தை கக்கின பாலை ஒரு வாரம் பழைய சாக்ஸில் கட்டி வைத்தால் வருமே, அந்த வாடை. கண்ணாடி புண்ணியத்தில் எல்லாம் ரெண்டு மடங்கு.

தெருவில் யாரும் சொல்லவில்லை. ஒரு ஆள் வாசலில் நின்று உன் வீடு நாறுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. மாமா கூட்டி வந்து காட்டினால், "ஜோரா இருக்கு" என்று வாயை மட்டும் திறந்து சொல்லிவிட்டு, வெளியே போய்த்தான் மூச்சு விட்டார்கள்.

சொன்னது அத்தைதான். தினமும் சொன்னார். "உனக்கு முன்னயிருந்தே பால் வாடை ஆகாது" என்றார் மாமா. ஒருநாள் காப்பியும் கையுமாகப் பெஞ்சில் உட்கார்ந்த அத்தை, முதல் வாய் உள்ளே போவதற்கு முன்னால் புல் பாயிலேயே வாந்தி எடுத்தார். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

"கோவிச்சிக்கிட்டுப் போகலலே, ரெஸ்ட் எடுக்கப் போயிருக்கா" என்று மாமா தெருவுக்கே கேட்கிறமாதிரி என்னிடம் ரகசியம் சொன்னார். இலைகள் பழுத்தன. சத்துப் பத்தவில்லை என்று இன்னொரு வாளி ஊற்றினார். ராத்திரிக்கு பன்னும் டீயும். சாயங்காலம் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டு அத்தைக்குப் போன் பண்ணுவார். சுவருக்கு இந்தப் பக்கம் பால்கோவா பெட்டிக்கு நூல் கட்டிக்கொண்டிருக்கிற எனக்கு இரண்டு பக்கமும் கேட்கும்.

"தோட்டம் ஜம்முனு இருக்கு பொன்மணி!"

"நாறுதா?"

"சேச்சே! வேணும்னா சங்கிலிகிட்டக் கேளு. ஏலே, எட்டிப் பாத்துச் சொல்லு!"

நான் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "குடலப் பொரட்டுது அத்தை" என்றேன்.

"பாத்தியா, வெளையாடுதான்" என்றார் மாமா.

அவரையும் குறை சொல்ல முடியாது. அவர் சாப்பாட்டுத் தூக்கில் ரப்பர் கரப்பான் வைத்தது நான். இன்றைக்கு ராஜபாளையம் பஸ் எல்லாம் வேறு வழியில் போகிறது என்று சொல்லி அவரை ஊர்க்கோடி வரை நடக்க வைத்ததும் நான். ஆயுசில் ஒரே ஒரு தரம் உண்மை சொன்னேன், விற்கவில்லை.

போனில் அத்தை சொன்னார்:

"வர்ற ஞாயித்துக்கிழம கோயில் முடிஞ்சு வாரேன். அந்தப் பெஞ்சுல உக்காந்து ஒரே ஒரு தம்ளர் காப்பி குடிப்பேன். கொமட்டுச்சுன்னா தம்ளரக் கழுவி வச்சிட்டுத் திரும்பிருவேன். கம்பெனிக்குப் பக்கத்துல எங்கண்ணன் ஒரு வீடு பாத்து வச்சிருக்காக. பொறவு நீங்க உங்க செடியோடயே குடும்பம் நடத்துங்க."

போனை வைத்துவிட்டு மாமா கண்ணாடியைப் பார்த்தார். மூக்கைத் தொட்டுப் பார்த்தார், அது இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. தொட்டிக்கு மேலே குனிந்து நெஞ்சு நிறைய இழுத்தார். எனக்கு இங்கேயே கண்ணில் தண்ணீர் வந்தது. அவருக்கு ஒன்றுமில்லை.

"நெசமாவே நாறுதாலே?"

"ஆமா மாமா."

நம்பவில்லை. ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து எல்லாத் தொட்டியிலும் கொட்டினார். அதன் பிறகு வந்தது, செத்த எலிக்குப் பூமாலை போட்ட வாடை.

வெள்ளிக்கிழமை மாமாவுக்குப் பகல் ஷிப்ட். அன்றைக்குத் தொட்டிகளில் இருந்த பஞ்சும் காந்தலும் காணாமல் போயின. எடுத்தவன் யார் என்பது இந்த வரலாற்றுக்குத் தேவையில்லை. அவன் பட்ட பாட்டை மட்டும், கேள்விப்பட்ட வரைக்கும், சொல்கிறேன். பஞ்சு பஞ்சாக வரவில்லையாம். தோசை மாதிரி முழுசாக உரிந்து வந்ததாம். கீழே கையை விட்டால் வெதுவெதுவென்று இருந்ததாம். முழங்கைக்கு மேலே ஏதோ ஏறினதாம், அவன் குனிந்து பார்க்கவில்லையாம். நடுவில் இரண்டு முறை வேலையை நிறுத்தி, சாப்பிட்டதைக் கூழாங்கல்லுக்குக் காணிக்கை கொடுத்து, அதையும் அவனே கழுவினானாம். சாக்கில் கட்டி, பைக்கில் வைத்து, சேத்தூர் பக்கம் ஒரு தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்து, அங்கிருந்தே மக்கின சாணியும் செம்மண்ணும் கொண்டுவந்து நிரப்பினானாம். புல் பாயை மட்டும் எந்தச் சோப்பாலும் காப்பாற்ற முடியவில்லை. குப்பை வண்டியில் ஏறிவிட்டது.

சாயங்காலம் மாமா வந்து பார்த்தார். தொட்டிக்குள் விரலை விட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏலே சங்கிலி! காந்தலு பூரா மண்ணா மாறிருச்சுலே! நான் என்ன சொன்னேன்?"

"அதிசயந்தான் மாமா."

"ஆமா, புல்லுப் பாய எங்க?"

"ஒரு நாய் இழுத்துட்டுப் போச்சு."

"பாத்தியா, நாய்க்கே புடிச்சிருக்கு."

இந்த மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்தார். பையை உள்ளே கொண்டுவரவில்லை. வாசல்படியிலேயே வைத்துவிட்டு நேரே பின்பக்கம் போனார். நான் சுவரில் ஏறி உட்கார்ந்திருந்தேன். வேடிக்கை பார்க்கத்தான், வேறொன்றுமில்லை. மாமா காப்பி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். வாயைத் திறக்கவே இல்லை. அவர் பேசாமல் நின்று நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

அத்தை பெஞ்சில் உட்கார்ந்தார். முதலில் மெதுவாக, பயந்து பயந்து, மூச்சை இழுத்தார். பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு ஒரு வாய் காப்பி. அது உள்ளே போனது. போனது வெளியே வரவில்லை. அண்ணாந்து அந்தக் கைக்குட்டை வானத்தைப் பார்த்தார். இரண்டாவது வாய். மூன்றாவது. தோள் இறங்கியது. காலை நீட்டி, ஈழத்தலரித் தொட்டிமேல் முழங்கையை ஊன்றிச் சாயப் போனார்.

"அத்தை, அதுல சாயாதிய! அடியில செங்கல் ஆடுது!"

அத்தை வெடுக்கென்று கையை எடுத்தார். மாமா குனிந்து தொட்டிக்கு அடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏலே, இதை நான் தரையிலதான வச்சேன். செங்கல் எப்ப வந்துச்சு?"

"அந்த நாய்தான் மாமா…"

"நாய் செங்கல வைக்குமா?"

நான் எங்கள் பக்கம் குதிப்பதற்குள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். ஃபிட்டர் பிடி. என் கையைத் தன் மூக்குக்குக் கொண்டுபோய், கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிடித்த பிடியை விடாமல் என் கையை அப்படியே அத்தை பக்கம் நீட்டினார்.

"நீ மோந்து பாரு பொன்மணி."

அத்தை ஒரே ஒரு தரம் மோந்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு காப்பித் தம்ளரைத் தள்ளிப் பிடித்தார்.

"அதே நாறுன காந்தலு" என்றார்.