கண்ணாடிச் சீட்டு செய்த துரோகம்

இதை நீங்கள் ஒருவரும் நம்பப்போவதில்லை. சுசீந்திரம் தேர் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

இன்று மதியம் அக்கா மகள் அபியோடு மந்திரச் சீட்டு விளையாடினேன். ஜெயிப்பவருக்குக் குழம்பிலிருக்கும் நெய்மீன் தலை.

அவளை முடித்துவிட ஒரு தீ மந்திரத்தை ஏவினேன். மருந்துவாழ் மலை உருகி ஓடியது. கடல் கொதித்து, மீன்கள் குழம்பாகவே கரையேறின.

அபி அலட்டிக்கொள்ளாமல் கண்ணாடிச் சீட்டை வைத்தாள். வருகிற மந்திரத்தை அது வேறு ஆள் மேல் திருப்பிவிடுமாம். டிராகன் படம் இல்லையே என்று காலையில் நான்தான் அதை அவள் தலையில் கட்டியிருந்தேன்!

“ஏட்டி, எனக்க தீயி எனக்க மீசையையா பொசுக்கும்?”

“மந்திரம் ஒங்களுக்கதான் மாமா. ஆளை மட்டும்தான் மாத்துனேன்.”

நியாயம் கேட்டு என் மனைவியைப் பார்த்தேன். விதிகளைப் படித்துவிட்டு அந்த மகராசி சொன்னாள்: “பிள்ள சொல்லுகதுதான் சரி. நீங்க செத்தாச்சு. எழும்பி கை கழுவிட்டு சாப்பிட வாருங்க.”

வழக்கம்போல் மீன் தலையோடு என் தட்டுக்கு வந்த அவள் கரண்டி, பாதி வழியில் அபி பக்கம் திரும்பியது.

கரண்டியைத் திருப்பும் சீட்டு யாரிடமாவது இருந்தால் சொல்லுங்க மக்கா.

மலை உருகவில்லை, கடலும் கொதிக்கவில்லை. அந்தக் கரண்டி திரும்பியது மட்டும் சத்தியம்.