முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்

ஜப்பான்காரன் காலத்தில் மலாயாவில் பாலோ பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்த ஒருவர், சங்கக் கூட்டத்துக்கு வந்தால் மேடைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். ஒல்லியான ஆள். துணி கிடைக்காத அந்த நாளில் கோணிச் சாக்கைத் தைத்துக் காற்சட்டையாகப் போட்டிருந்தார்.

வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்திலிருந்தே தோட்டத்தில் எங்கள் ஆட்களுக்குள் சங்கம் வைத்ததுதான் சட்டம். கல்யாணமோ சண்டையோ, சங்கத் தலைவர் வார்த்தைக்கு மறுபேச்சு கிடையாது. அவர்தான், "சயாமுல ஜப்பான்காரன் போடுற ரயில் பாத வேல, மூணே மாசம்," என்று மேடையில் சொல்லி ஆள் சேர்த்தார். நாங்கள் கை தட்டினோம். அந்தப் பால்வெட்டுக்காரருடைய தம்பியும் போனான். வருஷம் ஒன்றாகியும் யாரும் திரும்பவில்லை. தலைவர் மகன் மட்டும் பேர் கொடுக்காமல் ஸ்டோரில் அரிசி அளந்துகொண்டிருந்தான். அதன் பிறகுதான் இவர் முதுகைக் காட்ட ஆரம்பித்தார்.

"ஏண்ணே இப்படித் திரும்பி உக்கார்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மொகத்தப் பாத்து நம்பித்தான்லா தம்பிய அனுப்புனேன். இனி காது மட்டும் போதும்."

அடுத்த கூட்டத்தில் தலைவர் மறுபடியும் சயாமுக்கு ஆள் கேட்டார். இவர் திரும்பாமலே எழுந்து, "என் பேர எழுதிக்குங்க," என்றார். கூட்டம் முடிந்ததும் அவரைப் பிடித்துக் கேட்டேன்.

"நம்பலன்னு சொன்னீங்களே?"

"நம்பலதான். தம்பிய வேற யாரு போய்ப் பாக்கிறது?"

லாரி புறப்பட்டபோது மற்றவர்கள் எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். அவர் மட்டும் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார். அந்த முதுகு சங்கத்துக்கு மட்டும்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. அவர் தம்பி பேர் கொடுத்த அன்று நானும்தான் கை தட்டினேன்.